ஓவியக் கோப்பில் மூன்று வரிகள்

நகராட்சியின் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் இருபத்தாறு வருடமாக வேலை பார்த்த எழுத்தருக்கு அலுவலகத்தில் 'முத்திரை' என்று பெயர். முத்திரை குத்தாத காகிதத்தை அவர் விரலால்கூடத் தொடமாட்டார் என்பதால் வந்த பெயர். முகத்துக்கு நேராகவே 'முத்திரை சார்' என்று கூப்பிட்டார்கள். அவரும் திரும்பிப் பார்த்தார். கோபம் வந்தால் வீட்டில் மனைவியும் அப்படித்தான் அழைத்தாள்.

அவர் மேசையில், பதிவேடுகளோடு சம்பந்தமே இல்லாத பச்சை நிறக் கோப்பு ஒன்றும் இருந்தது. கடலுக்கு அந்தப் பக்கம், அடுத்த நாட்டில், கிட்டத்தட்ட இதே அளவில் ஒரு துறைமுக நகரம். ஏழு வருடத்துக்கு முன்பு இரண்டு நகராட்சிகளும் 'சகோதர நகரங்கள்' என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. மேயர்கள் கைகுலுக்கினார்கள், படம் பிடித்தார்கள். அதற்குப் பிறகு என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் வருடத்துக்கு ஒருமுறை பள்ளிப் பிள்ளைகளின் ஓவியங்களை மாற்றிக்கொள்வது என்று முடிவானது. இங்கிருந்து முப்பது போகும், அங்கிருந்து முப்பது வரும். பெரும்பாலும் படகும் சூரியனும். கலாசாரப் பிரிவு என்று ஒன்று நகராட்சியில் இல்லாததால் அந்தக் கோப்பு நாலு மேசை சுற்றி முத்திரையிடம் வந்து உட்கார்ந்துவிட்டது. "செத்தவங்க யாரும் அவசரப்படுத்த மாட்டாங்க, நீங்கதான் கொஞ்சம் ஃப்ரீ" என்றார் மேலாளர்.

அந்தப் பக்கம் இதே வேலையைப் பார்த்தவர் அந்நகரத்தின் நூலகர், நடுவயதுப் பெண். இருவரும் நேரில் பார்த்ததில்லை. 'ஓவியங்கள் வந்து சேர்ந்தன, நன்றி' என்று வருடத்துக்கு ஒரு மின்னஞ்சல், அவ்வளவுதான். மின்னஞ்சலுக்கு முத்திரை குத்த முடியாது என்பது முத்திரைக்குப் பெரிய மனக்குறை. அதனால் கடிதத்தைத் தட்டச்சு செய்து, அச்செடுத்து, முத்திரை குத்தி, அதை மறுபடி ஸ்கேன் செய்து அனுப்புவார்.

அந்த வருடப் புயலில் நாலு பேர் போன ஒரு படகு திரும்பி வரவில்லை. மூன்று மாதம் கழித்து, போன நால்வரில் ஒருவனின் மனைவி பதிவுப் பிரிவுக்கு வந்தாள். மீன்பிடித் துறைமுகத்தில் கிழிந்த வலைகளைச் சரிசெய்யும் வேலை அவளுக்கு. எல்லோரும் வலைக்காரி என்றுதான் சொல்வார்கள். வீட்டுக் கூரை ஒழுகியது. வீட்டு வசதி அலுவலகத்தில் மனு கொடுத்தால், வீடு கணவன் பேரில் இருக்கிறது, அவன் கையெழுத்து வேண்டும், இல்லையென்றால் அவனுடைய இறப்புச் சான்றிதழ் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

"உடம்பு கிடைச்சா உடனே குடுத்துடலாம்மா" என்றார் முத்திரை. "இல்லன்னா ஏழு வருஷம் கழிச்சு கோர்ட்டு மூலமாத்தான் வாங்கணும்."

"ஏழு வருஷமா?"

"சட்டம் அப்படித்தாம்மா."

"அவர் இருக்காரா இல்லையான்னு எனக்குத் தெரியறதுக்கு ஏழு வருஷம் ஆகும்னு சட்டம் போட்டிருக்காங்களா?"

முத்திரை கண்ணாடியைத் துடைத்தார். அவள் எழுந்து போனாள்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்தாள். இந்தமுறை கூரையைப் பற்றிப் பேசவில்லை. "புயலடிச்ச மாசத்துல நீரோட்டம் பூரா அக்கரைப் பக்கம்தான் இழுக்கும். எதா இருந்தாலும் அங்கதான் ஒதுங்கியிருக்கும். அங்க கேட்டீங்களா சார்?"

"மேலிடத்துக்கு எழுதியிருக்கோம். அங்கேருந்து வெளியுறவுத் துறைக்குப் போகும். அவங்க அந்த நாட்டு வெளியுறவுத் துறையக் கேப்பாங்க. பதில் அதே வழியாத் திரும்பி வரணும்."

"எப்ப வரும்?"

"வரும்போது வரும்மா."

மூன்றாவது முறை அவள் வந்த அன்று, மேசைமேல் அக்கரையிலிருந்து வந்த பொட்டலம் பிரித்துக் கிடந்தது. முத்திரை ஓவியங்களை எண்ணிக்கொண்டிருந்தார். வலைக்காரி ஒன்றை எடுத்துப் பார்த்தாள். ஊதா நிறக் கடல், அதில் மூன்று கால் உள்ள நாய் மாதிரி ஒரு படகு.

"இது எங்கேருந்து சார்?"

"அக்கரையிலேருந்து. பிள்ளைங்க வரைஞ்சது."

"வந்து சேர எத்தனை நாளாச்சு?"

"ஆறு நாள்."

"இதுக்கும் மேலிடத்துல கேட்டுத்தான் வாங்கினீங்களா?"

"இதுக்கு எதுக்கும்மா கேக்கணும்? இது வெறும் படம்தானே."

ஓவியத்தை இருந்த இடத்தில் வைத்தாள். "சரி சார், வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் முத்திரை சமாளித்திருப்பார். திட்டு வாங்குவது அவருக்குப் புதிதில்லை.

மதியம் வரை அவருக்கு வேலை ஓடவில்லை. பிறகு, ஓவியங்கள் கிடைத்ததற்கான நன்றிக் கடிதத்தை வழக்கம்போலத் தட்டச்சு செய்து, முத்திரை குத்தி, ஸ்கேன் செய்தார். மின்னஞ்சலில் அதை இணைத்துவிட்டு, கீழே முத்திரை எதுவும் இல்லாமல் மூன்று வரி எழுதினார். புயல் மாதத்தில் நாலு பேர் காணாமல் போனார்கள். தங்கள் கரையில் உடல் எதுவும் ஒதுங்கியதா? இது அலுவல் முறைக் கேள்வி அல்ல. மூன்று வரியையும் நாலு தடவை அழித்து எழுதினார். அனுப்பும் பொத்தானை அழுத்தியபோது, வீட்டுச் சன்னலை உடைத்துவிட்டு ஓடுகிறவன் போல இருந்தது அவருக்கு.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. அதுவரை மூன்றாவது மொழி ஒன்றில் எழுதிவந்த நூலகர், இந்தமுறை நம் மொழியிலேயே எழுதியிருந்தார். அக்கரையில் நம் வானொலி தெளிவாக எடுக்குமாம். சின்ன வயதிலிருந்து செய்தி அறிக்கை கேட்டுக் கேட்டே மொழியைப் பழகிக்கொண்டாராம். எழுத்தைப் பின்னால் புத்தகம் வைத்துப் படித்தாராம். கடிதமும் செய்தி அறிக்கை மாதிரியேதான் இருந்தது.

'தங்கள் மடல் கிடைக்கப்பெற்றது. இது தொடர்பாக நகர மருத்துவமனையின் பிணவறைக்கும், நகராட்சி இடுகாட்டுக்கும் நேரில் சென்று விசாரித்தேன். குறிப்பிட்ட மாதத்தில் அடையாளம் தெரியாத இரு ஆண் உடல்கள் கரை ஒதுங்கின. உரிமை கோர எவரும் முன்வராத நிலையில் இருபது நாட்களுக்குப் பின் அவை அடக்கம் செய்யப்பட்டன. விவரங்கள் வருமாறு.'

விவரங்களை அவர் புத்தகத்துக்கு அட்டவணை போடுகிறவர் போல, உயரம், பல் என்று வரிசையாக எழுதியிருந்தார். இடுகாட்டில் நாற்பத்தொன்றாம் எண்: வயது நாற்பதுக்குள், இடது கால் சுண்டுவிரல் இல்லை, நீலக் கட்டம் போட்ட சட்டை, மேலிருந்து இரண்டாவது பொத்தான் தடித்த பச்சை நூலால் பலமுறை சுற்றித் தைக்கப்பட்டது. நாற்பத்திரண்டாம் எண்: வயது அறுபதை ஒட்டி, அடையாளம் சொல்லும்படி எதுவும் இல்லை, உடைமை சாவி ஒன்று.

இருபத்தாறு வருடமாகச் சாவை எழுதியவர் முத்திரை. ஆனால் சாவை யாருக்கும் போய்ச் சொன்னதில்லை. அவரிடம் வருகிறவர்கள் எல்லாம் தெரிந்துகொண்டுதான் வருவார்கள். துறைமுகத்துக்குப் போய், வலைக் குவியல்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த வலைக்காரியிடம் காகிதத்தை நீட்டினார். அவளுக்குப் படிக்கக் கண்ணாடி வேண்டியிருந்தது, எடுத்து வரவில்லை. அவரே படித்தார்.

சுண்டுவிரலைக் கேட்டபோதும் அவள் வலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பொத்தான் வந்ததும், "நான் தைச்சது" என்றாள். "கிளம்பற அவசரத்துல நூல்கண்டு கிடைக்கல. வலை நூல்லயே தைச்சு விட்டேன். சட்டை கிழிஞ்சாலும் பொத்தான் போகாதுடின்னு சிரிச்சாரு."

அவள் மடியிலிருந்த வலையை மடக்கி ஓரமாக வைத்தாள்.

"நான் போய்ப் பாக்கணும் சார்."

"பாக்கறதுக்கு அங்க என்னம்மா இருக்கு? அங்கேருந்து பதிவேட்டு நகல் வாங்கிட்டா சான்றிதழ் நானே…"

"சான்றிதழ நீங்க பாருங்க. அவர நான் பாக்கறேன்."

அந்த வருடம் சகோதர நகரத்துக்கு எட்டுப் பேர் கொண்ட நல்லெண்ணக் குழு போவதாக இருந்தது. பட்டியலில் இருந்த ஒரு கவுன்சிலரின் மைத்துனர், கப்பல் ஏறினால் தலை சுற்றும் என்று கடைசி நேரத்தில் விலகிக்கொண்டார். காலியான எட்டாவது இடத்தில் முத்திரை வலைக்காரியின் பெயரை எழுதினார். 'துறை' என்ற கட்டத்தில் 'வலை பின்னும் கலைஞர்' என்று போட்டார். பொய்யில்லை என்று தனக்குத்தானே மூன்று முறை சொல்லிக்கொண்டார்.

ஆணையர் பட்டியலைப் பார்த்தார். "யாரு இந்தக் கலைஞர்? கேள்விப்பட்டதே இல்லையே."

"நம்ம ஊர்க் கலைஞர்தான் சார். துறைமுகத்துல எல்லாருக்கும் தெரியும்."

"செய்முறை விளக்கம் குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க சார்" என்றார் முத்திரை.

கோப்பைக் கையில் வைத்திருந்தவர் என்பதால் குழுவின் செயலாளராக அவரும் போகவேண்டியிருந்தது. காலையில் கிளம்பிய கப்பல் ஐந்து மணி நேரம் போனது. முத்திரை முதல் ஒரு மணி நேரத்திலேயே இரண்டு முறை வாந்தி எடுத்தார். "கிட்டத்துல பாக்காதீங்க சார், தூரத்துல ஒரு இடத்தையே பாத்துட்டு இருங்க" என்று வலைக்காரி சொல்லிக்கொடுத்தாள். அவள் பலகை இருக்கையில் சாய்ந்து நன்றாகத் தூங்கினாள். புயலுக்குப் பிறகு இப்படித் தூங்கியதே இல்லை என்று இறங்கும்போது சொன்னாள்.

துறைமுகத்தில் நூலகர் காத்திருந்தார். குள்ளமான பெண், தோளில் பெரிய துணிப்பை. முதல் வார்த்தையே வானொலிதான். "தங்கள் வருகை எமக்கு மிகுந்த மகிழ்ச்சியை அளிக்கிறது. பயணம் இனிதாக அமைந்ததா?" குழுவில் இரண்டு பேர் சிரிப்பை அடக்க இருமினார்கள். வலைக்காரி சிரிக்கவில்லை.

அன்று பிற்பகல் நகர மண்டபத்தில் செய்முறை விளக்கம். மேடையில் நாற்காலி போட்டிருந்தார்கள். வலைக்காரி கீழே இறங்கித் தரையில் உட்கார்ந்து, கால் பெருவிரலில் வலையை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். அந்த ஊர் மீனவப் பெண்கள் பத்துப் பேர் வந்திருந்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அதில் ஒருத்தி மொழி தெரியாமலே வலையைப் பிடுங்கி, முடிச்சை வேறு மாதிரி போட்டுக் காட்டினாள். வலைக்காரி அதை இழுத்துப் பார்த்தாள். முடிச்சு நழுவியது. மண்டபமே சிரித்தது. அவமானப்பட்ட அந்த ஊர்ப் பெண் உட்கார்ந்து வலைக்காரியின் முடிச்சைக் கற்றுக்கொண்டுதான் எழுந்தாள். ஆணையர் கேட்ட செய்முறை விளக்கம் அறிக்கையில் 'பெரும் வரவேற்பைப் பெற்றது' என்று பதிவானது. அது உண்மைதான்.

மறுநாள் காலை மற்றவர்கள் கலங்கரை விளக்கம் பார்க்கக் கிளம்பியதும், நூலகர் முத்திரையையும் வலைக்காரியையும் இடுகாட்டுக்கு அழைத்துப்போனார். ஊரின் ஓரத்தில், சுற்றுச்சுவர் போட்ட மணல் நிலம். எண் எழுதிய சின்னக் கற்கள் வரிசையாக நட்டிருந்தன. காவலாளி முன்னால் நடந்தார். நாற்பத்தொன்றாம் கல்லருகே நின்றார்.

"தங்கள் கணவர் இவ்விடத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டுள்ளார்" என்றார் நூலகர். செய்தி வாசிக்கும் குரல்தான், ஆனால் கடைசிச் சொல்லில் தடுக்கியது.

"தலை எந்தப் பக்கம்?" என்று கேட்டாள் வலைக்காரி.

காவலாளி காட்டினார். அவள் அந்தப் பக்கமாகப் போய் உட்கார்ந்தாள். மணலை உள்ளங்கையால் தட்டிச் சமப்படுத்தினாள். வெகுநேரம் அழுதாள். முத்திரை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

எழுந்ததும் அவள் கேட்டது, "யார் தூக்கிட்டு வந்தாங்க?" என்பதுதான். நகராட்சி ஆட்கள் இரண்டு பேர்தான் வந்தார்கள், மழையில் வண்டி மணலில் சிக்கிக்கொண்டது, மீன் ஏலக் கூடத்திலிருந்து ஆறு பேர் வந்து கையிலேயே தூக்கி வந்தார்கள் என்று காவலாளி சொன்னதை நூலகர் மொழிபெயர்த்தார். அவர்களைப் பார்க்க வேண்டும் என்றாள். திரும்பும் வழியில் ஏலக் கூடத்துக்குப் போனார்கள். நாலு பேர் இருந்தார்கள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வரிசையாக வந்து நின்றார்கள். ஒருவன் ஓடிப்போய் முக்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டான். அவள் உட்கார்ந்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

அதற்கு முன்பு, இடுகாட்டில் காவலாளியின் அறையிலேயே இன்னொன்று நடந்திருந்தது. சட்டையைக் காட்டுவதற்காகக் காவலாளி உடைமைப் பெட்டியைத் திறந்தபோது, நாற்பத்திரண்டு என்று எழுதிய உறை ஒன்றும் கூடவே வந்தது. அதிலிருந்து சாவி மேசையில் விழுந்தது. சாவி வளையத்தில், வலை மிதவையிலிருந்து வெட்டிய சிவப்புத் துண்டு கோத்திருந்தது. வலைக்காரி அதை எடுத்து முன்னும் பின்னும் திருப்பினாள்.

"இது எங்க பக்கத்து வீட்டுச் சாவி" என்றாள்.

படகை ஓட்டியவர் அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரர். அவர் மனைவியை அவள் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அந்த அக்கா, தன் வீட்டுக்காரர் எல்லை தாண்டிப் பிடிபட்டு அக்கரைச் சிறையில் இருக்கிறார், தண்டனை முடிந்ததும் வந்துவிடுவார் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்படி வந்தவர்கள் முன்பு இருந்திருக்கிறார்கள். அதனால் யாரும் மறுத்துப் பேசவில்லை.

சாவியை வாங்கக் காவலாளி கையெழுத்துக் கேட்டார். முத்திரை கையெழுத்துப் போட்டார். எந்த அதிகாரத்தில் போடுகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

ஊர் திரும்பிய மறுநாள் காலையில் வலைக்காரி அலுவலகத்துக்கு வந்தாள். "தனியாப் போக முடியல. நீங்களும் வாங்க சார்."

அக்கா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சாவியைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "சிவப்பு மிதவை எல்லார் கிட்டயும்தான் இருக்கு. யார் வேணா வெட்டி மாட்டிக்கலாம்."

"சரிக்கா."

"ஒரே மாதிரி சாவியும் ஆயிரம் இருக்கும்."

"சரிக்கா."

அக்கா உள்ளே போய்ப் பூட்டை எடுத்துவந்தாள். கதவைச் சாத்தி, பூட்டை மாட்டி அமுக்கினாள். பிறகு அந்தச் சாவியை உள்ளே விட்டுத் திருப்பினாள். பூட்டு திறந்துகொண்டது. மறுபடி பூட்டினாள். மறுபடி திறந்தது. மூன்றாவது முறை பூட்டிவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்தாள்.

"உன்ன யாருடி அங்கல்லாம் போகச் சொன்னது?" என்றாள்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் அக்கா அவளோடு பேசவில்லை. எதிரே வந்தால் மறுபக்கம் போனாள். வலைக்காரிக்குச் சான்றிதழ் கிடைத்தது, கூரைக்கு அனுமதி கிடைத்தது, ஓடும் மாற்றினாள். ஆட்கள் கூரையில் ஏறித் தட்டும் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்குமே என்று கூசினாள். தான் செய்தது சரியா என்று முத்திரையிடம் ஒருமுறை கேட்டாள். "பதிவேட்டுப்படி சரிதாம்மா" என்றார் அவர். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஒருநாள் அக்கா தனியாகப் பதிவுப் பிரிவுக்கு வந்தாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, "எழுதிக்கோங்க" என்றாள். கணவர் பெயரையும் வயதையும் சொன்னாள். முத்திரை நாற்பத்திரண்டாம் எண்ணைக் குறித்துக்கொண்டார். அன்று மாலை அவள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, கூரைக்கு ஆள் எங்கே பிடித்தாய் என்று கேட்டாள். பேச்சு அப்படித்தான் தொடங்கியது. மற்ற இருவரைப் பற்றி எந்தக் கரையிலிருந்தும் தகவல் வரவில்லை.

ஆண்டுத் தணிக்கையில் பச்சைக் கோப்பு ஆணையர் மேசைக்குப் போனது. முத்திரையைக் கூப்பிட்டார்.

"கலாசாரப் பரிமாற்றம்னு தலைப்புப் போட்டு, உள்ள பிணத்தோட உயரம், பல்லு, சட்டை நிறம் எல்லாம் இருக்கே?"

"ஓவியத்தோட சேர்ந்து வந்தது சார்."

"எந்த விதியில சேரும்?"

முத்திரை முதல்முறையாக ஒரு விதியும் சொல்லவில்லை. "ஒன்பது நாள்ல பதில் வந்துச்சு சார்" என்றார். "மேலிடத்துக்கு எழுதினதுக்கு இன்னும் வரல."

ஆணையர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். பிறகு ஓரத்தில் 'தொடரலாம்' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

அடுத்த புயல் தாமதமாக வந்தது. அது ஓய்ந்த நாலாம் நாள், தெற்குக் கடற்கரையில் ஓர் உடல் ஒதுங்கியிருப்பதாகத் தகவல் வந்தது. முத்திரை தானே கிளம்பிப் போனார். அத்தனை வருட வேலையில் அவர் ஒரு பிணத்தைக்கூடக் கிட்டத்தில் பார்த்ததில்லை. மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, நூலகர் எழுதிய வரிசையிலேயே எழுதினார். உயரம், பல், காதில் வடு, இடுப்பு வார், அதன் கொக்கியில் பொறித்திருந்த மீன் உருவம். எழுதிவிட்டுத் தள்ளிப்போய் மணலில் உட்கார்ந்தார். பிறகு திரும்பி வந்து, விட்டுப்போன செருப்பின் அளவையும் சேர்த்துக்கொண்டார். அச்செடுக்காமல், ஸ்கேன் செய்யாமல், கடற்கரையிலிருந்து கைபேசியிலேயே நூலகருக்கு அனுப்பினார்.

பதில் ஐந்தாம் நாள் வந்தது. இறந்தவனின் தம்பி கப்பலில் வருவதாக நூலகர் எழுதியிருந்தார். 'அவருக்குத் தங்கள் மொழி அறவே தெரியாது. தக்க ஏற்பாடு செய்யுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.'

முத்திரை யோசித்துப் பார்த்தார். அலுவலகத்தில் இதற்கு ஆள் கிடையாது. வலைக்காரியிடம் போய்ச் சொன்னார். அவள் வலையை மடக்கி வைத்துவிட்டு எழுந்தாள்.

வந்தவனுக்கு முப்பது வயது இருக்கும். கப்பலிலிருந்து இறங்கி, யாரைப் பார்ப்பதென்று தெரியாமல் கூட்டத்தில் நின்றான். "வாங்க தம்பி" என்று அவள் பையை வாங்கிக்கொண்டாள். உடல் தாங்காது என்று முன்பே அடக்கம் செய்திருந்தார்கள். இடுகாட்டில் கல்லருகே போனதும், அவன் கேட்பதற்கு முன்பே தலை எந்தப் பக்கம் என்று கையால் காட்டினாள். அவன் உட்கார்ந்து அழுதான். அவள் பக்கத்திலேயே நின்றாள். வெயில் ஏறியது. அவன் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டதும், "சாப்டீங்களா?" என்று கேட்டாள். அவனுக்குப் புரியவில்லை. விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோய்க் காட்டினாள்.

அவன் இல்லை என்று தலையாட்டினான்.

"அப்ப வாங்க" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.